தம்பியைக் காயப்போட்ட பருவம்

மலையில் வளர்ந்து, இப்போது முட்டிவலித் தைலத்தோடு போடியில் உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரிகளே, பாயசத்தில் ஏலக்காய் மணந்தால் உங்களுக்குக் கல்யாண வீடு ஞாபகம் வரும். எனக்குக் குமட்டும். "ஏலக்காய் பொறுக்கியே வயிறு வளத்தீக, இப்ப அந்த வாசம் ஆகலையாக்கும்" என்று தம்பி பொண்டாட்டி இன்றைக்கும் இடித்துக் காட்டுகிறாள். அவளுக்குக் காரணம் சொன்னதில்லை. நீங்களும் எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் ஒரே அறையில் ஆறு பேர் படுத்து வளர்ந்தவர்கள். உங்களுக்குச் சொன்னால் புரியும்.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் எங்கள் அப்பா ஸ்டோர்க்காரராக இருந்தார். பச்சை ஏலக்காயைக் காயவைக்கும் கட்டடத்துக்குத்தான் ஸ்டோர் என்று பெயர். ஜன்னல் இல்லாத பெரிய அறை. வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு தகரக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றி வரும். கம்பிவலைத் தட்டுகளில் அடுக்கு அடுக்காகக் காய் கிடந்து வேர்க்கும். முதலில் மேலே இருக்கும் பொந்தைத் திறந்து ஆவியை வெளியே விட வேண்டும், பிறகு மூடிச் சூட்டை ஏற்ற வேண்டும். சூடு கூடினால் காய் வெடிக்கும், குறைந்தால் பச்சை நிறம் போய் வெளுத்துவிடும். அப்பா ஒரு கை காயை அள்ளிக் காதோரம் குலுக்குவார். அரிசி மாதிரி சலசலவென்று சத்தம் வந்தால்தான் தட்டை இறக்குவார். மலையாளத்துச் சூப்பர்வைசர்கூட அப்பா தலையாட்டும்வரை காத்து நிற்பார்.

"காய நோகடிக்காம உள்ள இருக்கிற தண்ணிய வெளிய எடுக்கணும். அதான் என் சோலி" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். உண்மையிலேயே அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள அந்த மலையில் ஆள் கிடையாது. எங்களுக்கு வினையாக வந்ததும் அந்தக் கெட்டிக்காரத்தனம்தான்.

நான் போடியில் சித்தி வீட்டில் தங்கி எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆடியில் ஜீப்பேறி மேலே போனபோது, வத்தலும் தொத்தலுமாக இருந்த என் தம்பி கன்னம் உப்பி நின்றான். அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த பையன். லயத்தில் இருந்த பெண்கள், போடியிலிருந்து காய் எடுக்க வந்த பெண்கள் எல்லாரும் போகிற போக்கில் அவன் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். "பயலுக்கு மலைத்தண்ணி பிடிச்சிருச்சு" என்று கங்காணி சொன்னார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். தெருப்புழுதிக்கு எங்கே போவது என்று, ஸ்டோர் வாசல் மண்ணை அள்ளி மிளகாயோடு சேர்த்து அவனுக்குச் சுற்றிப் போட்டாள்.

காலையில் அவனுக்குக் கண் திறக்கவில்லை, இமை அவ்வளவு வீங்கியிருந்தது. கால்சட்டை நாடா இடுப்பில் பதிந்த தடம் சாயங்காலம் வரைக்கும் மறையவில்லை.

"அம்மா, இது சதை மாதிரி தெரியல" என்றேன்.

"நீயே கண்ணு வைக்காதடி. ஒரு பிள்ள உடம்பு தேறுனா பொறுக்காதா ஒனக்கு?"

செருப்பு நுழையாமல் போய், வயிறு பானையாக உப்பிய பிறகுதான் அவனைக் கீழே இறக்கினார்கள். போடியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். அவன் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அமுக்கி எடுத்தார். குழி அப்படியே நின்றது. கன்னத்தைக் கிள்ளிய அத்தனை பேரில் ஒருத்தருக்கும் அவன் காலை அமுக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

டாக்டரம்மா எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ரத்தத்தில் நிற்க வேண்டிய சத்து அவனுக்கு ஒண்ணுக்கு வழியாக ஒழுகிப் போகிறது, அதனால் உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது. மாத்திரை பல மாதம் சாப்பிட வேண்டும். உப்பு ஆகாது. மாத்திரையால் முகம் வட்டமாகும், அது நோய் இல்லை, பயப்படக்கூடாது. கடைசியாக, விரலை ஆட்டி ஆட்டி ஒன்று சொன்னார்.

"மாத்திரைய நீங்களா நிறுத்தவே கூடாது. ஒரு நாள்கூட. வாந்தி எடுத்தாலோ, ஒண்ணுக்கு வராம போனாலோ, அன்னைக்கே தூக்கிட்டு வந்துரணும். இல்லன்னா பையன் உங்களுக்குக் கிடையாது."

அப்பாவும் பக்கத்தில்தான் நின்றார். இதைக் கேட்டுத் தலையும் ஆட்டினார்.

நர்ஸம்மா என்னைத் தனியாக அழைத்து ஒரு கண்ணாடிக் குழாயைக் கொடுத்தார். தினமும் காலையில் அவன் மூத்திரத்தை இதில் பிடித்து, நெருப்பில் காட்டிச் சூடாக்க வேண்டும். தெளிவாக இருந்தால் நல்லது. முட்டை வெள்ளைக்கரு வெந்த மாதிரி வெளுத்துத் திரண்டால் சத்து ஒழுகுகிறது. "நீ படிக்கிற பொண்ணு, ஒன்ன நம்பித்தான் தர்றேன்" என்றார். அப்போது எனக்கு வந்த கர்வத்தைச் சொல்லி முடியாது. பத்திரமாகத் துணியில் சுற்றி எடுத்துவந்தேன்.

அது காய் எடுக்கிற பருவம். அம்மா விடிந்தால் காட்டுக்குள் போய் ஏலச்செடிக்கு அடியில் குனிந்தாளென்றால் பொழுது சாயத்தான் நிமிர்வாள். அப்பா ஸ்டோரைவிட்டு அசைய முடியாது. பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். "ஒரு பருவந்தான. அடுத்த வருசம் பள்ளிக்கூடம் போய்க்கிரட்டும்" என்றார் அப்பா. அந்த அடுத்த வருசம் எப்படிப்பட்டது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும்.

காலையில் அடுப்பில் காப்பித்தண்ணி இறங்கியதும் நான் குழாயை இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டுவேன். வெல்லமும் மூத்திரமும் கலந்த ஒரு வாடை லயம் முழுக்கப் போகும். பக்கத்து வீட்டுக்காரி எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். "சோறு பொங்குற அடுப்புல மூத்திரத்தக் காய்ச்சுறா பாரு எம் மக" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். முதலில் குழாய் முழுக்க வெள்ளையாகத் திரண்டது. அப்புறம் பாதி, அப்புறம் ஓரத்தில் மட்டும்.

உப்பில்லாத கஞ்சியைத் தம்பி என் முகத்தில் துப்புவான். மாத்திரை அவனுக்கு அசுரப் பசியைக் கொடுத்தது. பசி எடுத்த வாயில் போட உப்பில்லாத சோறுதான் இருந்தது. கடித்துவிடுவான். என் இடதுகையில் அவன் பல் பதிந்த தடம் ரொம்ப நாள் இருந்தது. அம்மா மனசு கேட்காமல் எனக்குத் தெரியாமல் கருவாட்டுத் துண்டை அவன் வாயில் போடுவாள். மறுநாள் வீங்கிய இமை காட்டிக் கொடுத்துவிடும். நான் அம்மாவிடம் கத்துவேன், அம்மா அழுவாள், தம்பி இரண்டு பேரையும் ஏசுவான். எனக்கு அந்த வயதில் கூடியது அறிவு என்று எல்லாரும் சொன்னார்கள். அறிவு ஒன்றும் கூடவில்லை. நெஞ்சுதான் காய்த்துப் போனது. அவன் அழ அழ வாயைத் திறந்து மாத்திரையைத் தள்ளுவதற்கு அது வேண்டியிருந்தது.

ஒருநாள் காலை குழாய் கொதித்தது, தண்ணீர் மாதிரியே தெளிவாக நின்றது. தம்பியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். ஓடிப்போய் ஸ்டோரில் அப்பாவிடம் காட்டினேன். அவர் குழாயைப் பார்க்கவில்லை, தம்பி முகத்தைப் பார்த்தார். முகம் பௌர்ணமி நிலா மாதிரி வட்டமாக இருந்தது.

"மூஞ்சி இம்புட்டு வீங்கிக் கெடக்கு, கொறைஞ்சிருச்சுங்கிற?"

"அது மாத்திரையால வர்றதுப்பா. டாக்டரம்மா சொன்னாகள்ல. அமுக்கிப் பாருங்க, குழி விழுகல."

அப்பா அமுக்கிப் பார்த்தார். குழி விழவில்லைதான். ஆனால் அவர் சிரித்தார்.

"காயும் மேல தொட்டா கெட்டியாத்தான் இருக்கும் ஆத்தா. ஒடச்சுப் பாத்தாத்தான் உள்ள ஈரம் தெரியும். மாத்திரையே நீரக் கோக்க வைக்குதுன்னா அந்த மாத்திரை எதுக்கு?"

அன்றைக்கு அதோடு விட்டார். நான் வீட்டில் இருந்தவரை மாத்திரை டப்பா என் இடுப்பிலேயே இருந்தது.

அப்படியே போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நான் வயதுக்கு வந்துவிட்டேன். மழை விட்ட ஒரு மத்தியானம், தம்பிக்குத் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது. அம்மா குலவையிட்டாள். பெண்கள் கூடினார்கள். என் இடுப்பிலிருந்த டப்பாவைக் கழற்றி அம்மா தண்ணீர் தெளித்து எடுத்துவைத்தாள். தீட்டுக்காரி கை பட்ட மருந்து பலிக்காது என்று யாரோ சொன்னார்கள்.

லயத்தில் என்னைத் தனியாக உட்காரவைக்க இடமில்லை. ஸ்டோரை ஒட்டி விறகு அடுக்கும் கொட்டகை இருந்தது. அதில் ஒரு மூலையை ஒதுக்கி, தனித் தட்டு, தனிச் செம்பு, பக்கத்தில் ஒரு இரும்புத் துண்டு. தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குச்சு கட்டி, சீர் வைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் நான் வெளியே வர முடியும். மாமாவோ கீழே தேவாரம் ஊரில், தோட்டத்தில் யானை இறங்குகிறது என்று பரண்மேல் காவல் இருந்தார். "இந்தா வர்றேன், அந்தா வர்றேன்" என்று ஜீப்புக்காரரிடம் சொல்லிவிட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள்.

"அம்மா, மாத்திர குடுத்தியா?"

"குடுத்தேன்டி."

"குழாயில காச்சிப் பாத்தியா?"

"எனக்கு அந்தக் கருமமெல்லாம் வராது. நீ பேசாம ஒக்காரு. வயசுக்கு வந்த பிள்ள இப்பிடிக் கத்தக்கூடாது."

மறுநாள் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியின் குரல் கேட்டது. கொட்டகைக்கும் ஸ்டோருக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். கீழ்த் தட்டை உருவிவிட்டு அந்த இடத்தில் சாக்கு விரித்து, பச்சைக் காய்க்கு நடுவில் அப்பா தம்பியைப் படுக்கவைத்திருந்தார். கதவு சாத்தியிருந்தது. மேல்பொந்து திறந்திருந்தது.

கொடுமை என்றால் நீங்கள் கண் சிவந்த ஆளை நினைப்பீர்கள். எங்கள் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கும் வேர்வை ஊற்றியது. யானையும் முயலும் பேசிக்கொள்ளும் கதை ஒன்றை மெதுவாகச் சொல்லிக்கொண்டே, துண்டால் அவன் நெஞ்சைத் துடைத்து, துண்டைப் பிழிந்து, "பாரு அப்பு, எம்புட்டுத் தண்ணி வருது பாரு" என்று காட்டினார். சூட்டைக்கூட அவனுக்காகக் குறைத்து, காய்க்கு வேண்டிய அளவு வைக்காமல் எரித்தார். பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்த மனிதர். அந்தப் பாசத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

"அப்பா, மாத்திர?" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன்.

"அது இனிமே வேணாம் ஆத்தா. ஆவியில போய்க்கிட்டிருக்கு எல்லாம்."

"நிறுத்தக்கூடாதுன்னு சொன்னாகள்லப்பா! பையன் கெடைக்க மாட்டான்னு சொன்னாகப்பா!"

"டாக்டரம்மா காயவச்ச ஒரு காயக் கொண்டா, பாக்குறேன்."

நான் பலகையை உதைத்தேன். அப்பா வெளியே வந்து கொட்டகை வாசலில் நின்றார். அடிக்கக் கை ஓங்கினார். தீட்டு என்பது ஞாபகம் வந்து கையை இறக்கி, ஒரு விறகை எடுத்து என் காலடியில் எறிந்துவிட்டுப் போனார். என்னைத் தொட முடியாத ஆத்திரம் அவருக்கு.

தண்ணீர் கொடுத்தால் செய்த வேலை வீண் என்று தம்பிக்குத் தண்ணீரும் கிடையாது. நாக்கை நனைக்க ஒரு சொட்டுத்தான். அப்பா விறகு தள்ள வெளியே போகும்போது தம்பி பலகையோரம் வந்து, "அக்கா தண்ணி" என்பான். என்னிடம் செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. இடுக்கில் விரல்கூட நுழையாது. செம்பைச் சாய்த்து இடுக்கில் ஊற்றினேன். அந்தப் பக்கம் பலகையில் வழிந்த தண்ணீரை அவன் நக்கினான். நாக்கு பலகையில் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்பா திரும்பி வந்து ஈரப் பலகையைப் பார்த்தார். அவனைத் தூக்கி எதிர்ச் சுவர்ப் பக்கம் போட்டார்.

அடுத்த நாள் அவனை வெளியே தூக்கிவந்து லயத்தாருக்குக் காட்டினார். கன்னம் தொங்கி, கண் உள்ளே போயிருந்தது. வயிறு ஒட்டியிருந்தது. "வத்திருச்சுப்பா!" என்று கங்காணி தோளில் தட்டினார். "ஸ்டோர்க்காரரு கைராசி. ஆஸ்பத்திரிக்காரங்க என்னத்தக் கண்டாங்க" என்றாள் ஒருத்தி. அம்மா அப்பாவைக் கும்பிடாத குறை. நான் கொட்டகை இருட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாக்கி இருக்கிற ஈரத்தையும் எடுத்துவிடலாம் என்று மறுபடி உள்ளே கொண்டுபோனார்கள்.

அதற்கு மறுநாள் மத்தியானம் அவன் வாந்தி எடுத்தான். பித்தம் என்றாள் அம்மா, எலுமிச்சம்பழத்தை முகர வைத்துவிட்டுக் காட்டுக்குப் போனாள். அப்பா சூப்பர்வைசர் கூப்பிட்டார் என்று மூட்டை எடை போடப் போனார். நான் இடுக்கில் வாயை வைத்துக் கேட்டேன்.

"டேய், ஒண்ணுக்குப் போனியா?"

"இல்லக்கா."

"காலையில?"

"வரலக்கா. நேத்தும் வரல. தூக்கமா வருதுக்கா."

டாக்டரம்மா விரலை ஆட்டியது கண்ணுக்கு முன்னால் வந்தது. மாமா வந்து தண்ணீர் ஊற்றும்வரை இவன் இருக்க மாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்தேன். எண்ணெய் வழிகிற தலையோடு, அழுக்குத் துணியோடு, கொட்டகையைவிட்டு வெளியே வந்தேன். ஸ்டோர்க் கதவைத் திறந்து உள்ளே போனேன். தீட்டு நாளில் பெண்பிள்ளை காய் காய்கிற அறை வாசலைக்கூட மிதிக்கக்கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். சூடும் ஏலக்காய் நெடியும் முகத்தில் அறைந்தன. தம்பி துணி மாதிரி கிடந்தான். தூக்கி இடுப்பில் வைத்தேன். தொட்டால் கொதித்தது.

போடியிலிருந்து காய் எடுக்க வரும் பெண்களை மூன்று மணிக்கே திருப்பிக் கொண்டுபோகும் ஜீப்பு வளைவில் நின்றது. வழக்கம்போல மூட்டைக்கு மேல் மூட்டையாக ஆட்களை அடைத்திருந்தார்கள். நான் பின்பக்கம் காலை வைத்ததும் ஒரு கூச்சல்.

"அடியே, இன்னும் தண்ணி ஊத்தலையேடி!"

"ஏறாத, ஏறாத! நாங்க வீட்டுக்குப் போயி வெளக்கேத்தணும்!"

ஜீப்புக்காரர் இறங்கி வந்தார். நல்ல மனிதர், எனக்கு மிட்டாய் வாங்கிக் கொடுப்பவர். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். "ஆத்தா, மெட்டுல சாமிய வணங்கித்தான் வளைவுல எறங்குறோம். இத்தன உசுரு இருக்கு வண்டியில. ஒங்கப்பா வரட்டும்."

"தம்பி செத்துருவான்ணே. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். வெரசா எடுங்கண்ணே."

அவர் தம்பியின் உதட்டைப் பார்த்தார். வெடித்துக் கிடந்தது. போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். பெண்கள் என்மேல் பட்டுவிடக்கூடாது என்று ஒருத்தி மடியில் ஒருத்தியாக முன்பக்கம் போய் நெருக்கிக்கொண்டார்கள். பின்பலகை முழுக்க எனக்கும் தம்பிக்கும். என் ஆயுசில் அந்த ஜீப்பில் காலை நீட்டி உட்கார்ந்து போனது அன்று ஒருநாள்தான். ஒவ்வொரு வளைவிலும் அவன் தலை என் நெஞ்சில் மோதியது. தண்ணீர் கேட்டேன். தூக்குச்சட்டி எல்லாருடைய கையிலும் இருந்தது. யாரும் நீட்டவில்லை. எல்லாரும் என் அம்மாவோடு ஒரே வரிசையில் நின்று காய் எடுக்கிறவர்கள், தம்பி கன்னத்தைக் கிள்ளியவர்கள்.

டாக்டரம்மா அவனைப் பார்த்ததும் ஓடிவந்தார். கையில் ஊசி ஏற நரம்பு கிடைக்கவில்லை, காலில் தேடினார்கள். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்தார்.

"யார் மாத்திரைய நிறுத்துனது? இம்புட்டுச் சொல்லியும் புத்தியில்லையா ஒனக்கு? படிக்கிற பொண்ணுதான நீ? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பொணத்தத்தான் கொண்டுவந்திருப்ப."

அப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாந்திதான் வந்தது. நர்ஸம்மா என்னைக் குளிப்பாட்டிவிட்டார். எனக்குத் தலைக்கு ஊற்றிய தண்ணீர் அந்த ஆஸ்பத்திரிக் குழாய்த் தண்ணீர்தான்.

மறுநாள் அப்பா வந்தார். தம்பிக்கு ஒண்ணுக்கு வந்திருந்தது. வாளியில் அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதுகொண்டிருந்தேன். அப்பா என்னைத் தாண்டிப் போய்க் கட்டில் ஓரத்தில் நின்று, அவன் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, டாக்டரம்மாவிடம் ரகசியம் மாதிரிச் சொன்னார், "நல்லா வத்த வச்சிட்டேன்மா. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா முழுசாத் தீந்திருக்கும். இந்தப் பொம்பளப்பிள்ள கெடுத்துருச்சு." டாக்டரம்மா திட்டிய திட்டில் ஆஸ்பத்திரியே அதிர்ந்தது. அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக் கேட்டுக்கொண்டார். அதில் ஒரு சொல்கூட அவருக்குள் இறங்கவில்லை.

மதுரைக்குக் கொண்டுபோய், திரும்ப மாத்திரை ஆரம்பித்து, வருசக்கணக்காகப் போராடி, மீசை முளைக்கும் வயதில் அந்த நோய் அவனைவிட்டுப் போனது. அதற்குள் மலையில் கதை எழுதி முடித்துவிட்டார்கள். அன்றைய காய் முழுதும் பச்சை போய் வெளுத்துவிட்டது. அப்பா பிள்ளைக்காகச் சூட்டைக் குறைத்ததால் வெளுத்தது. ஆனால் தீட்டுக்காரி உள்ளே வந்ததால் வெளுத்தது என்று ஆகிவிட்டது. "எந்தா இது?" என்று சூப்பர்வைசர் கேட்டபோது அப்பா அப்படித்தான் சொன்னாராம். மாமா நான் ஓடிய மறுநாள் சீர்த்தட்டோடு மேலே வந்து, வெறும் கொட்டகையைப் பார்த்துவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு தேவாரம் திரும்பிவிட்டார். அவர் மகனுக்கு என்னைக் கட்டுவதாகப் பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு நின்றது. வேறு பேச்சும் வரவில்லை. "சடங்குக்கு முன்னயே ஜீப்பேறி ஓடுனவ" என்று என்னைச் சொன்னார்கள். நாள் போகப் போக இடையிலிருந்த தம்பியும் ஜீப்பும் உதிர்ந்து, "ஓடுனவ" என்பது மட்டும் மிஞ்சியது. நான் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கப் போனேன்.

அப்பா இறந்த பிறகு ஒருமுறை தம்பியிடம் நடந்ததைச் சொன்னேன். பலகையில் தண்ணீர் ஊற்றியதைச் சொன்னேன். அவனுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. அப்பா துண்டால் துடைத்துக் கதை சொன்னது மட்டும் ஞாபகம் இருந்தது. "செத்துப்போன மனுசன் மேல பழி போடுறியாக்கா? ஒனக்குக் கல்யாணம் ஆகலங்கிற வயித்தெரிச்சல் இது" என்றான். அதன் பிறகு பொங்கலும் தீபாவளியும் பல வந்து போயின, அவன் என் முகத்தில் விழிக்கவில்லை. என் முட்டி தேய்ந்து காய் பொறுக்க உட்கார முடியாமல் ஆனபோது, அவனே வந்து என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனான். பின்கட்டில் ஒரு அறை கொடுத்திருக்கிறான். மூன்று வேளைச் சோறு. கெட்டவன் இல்லை அவன்.

போன மாதம் அவனுக்கு அறுபதாம் கல்யாணம். உங்களில் சிலரும் வந்திருந்தீர்கள். மாலையும் கழுத்துமாக மைக்கைப் பிடித்து, பேரன் பேத்திகளுக்குக் கதை சொன்னான். டாக்டர்கள் கைவிட்டார்களாம். அப்பா ஏலக்காய் ஸ்டோரில் வைத்து, இரவு பகலாக உடன் உட்கார்ந்து, உடம்பில் இருந்த நீரையெல்லாம் எடுத்து உயிர் கொடுத்தாராம். "எங்கக்காவுக்கு அப்ப படிப்பு ஏறல, லயத்துலதான் சும்மா இருந்துச்சு. அதுக்கு எல்லாம் தெரியும். என்னக்கா, அப்பாதான காப்பாத்துனாரு?" என்று மைக்கை என் பக்கம் நீட்டினான். மண்டபமே திரும்பிப் பார்த்தது. தலை நரைத்து, பேரனை மடியில் வைத்து, நன்றாக இருந்தான்.

"ஆமாடா, அப்பாதான்" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். நீங்களும் தட்டினீர்கள்.

அவனைச் சாக விடாமல் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். அதை இன்னொரு முறை சொன்னால் மறுபடி பேச மாட்டான், அதைத் தாங்குகிற வயது எனக்குப் போய்விட்டது. அவன் நூறு வயசு இருக்க வேண்டும். அதனால் இது உங்களோடு இருக்கட்டும்.